கார் இருக்கைத் தோலுக்குப் பசிக்குமா?

கார்ப் பொருள்கள் விற்கும் கடைக்குள் நுழைந்து பாருங்கள். தோல் இருக்கைகளுக்கென்றே ஓர் அலமாரி நிறையப் புட்டிகள் அடுக்கியிருக்கும். ‘தோலுக்கு ஊட்டம் அளிக்கும்’, ‘வறண்ட தோலுக்கு உயிரூட்டும்’ என்றெல்லாம் அவற்றின்மேல் அச்சிட்டிருப்பார்கள். இதற்கெல்லாம் எதற்குக் காசு, கொஞ்சம் தேங்காய் எண்ணெயைத் தடவினால் போதும் என்று சொல்லும் மாமாவும் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருப்பார்.

மாணவர்களே, இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். மாடு இறந்துவிட்டது. அதன் தோல் ஆலைக்குப் போய், பல இரசாயனங்களில் ஊறி, சாயம் ஏறி, உங்கள் குடும்பக் காரில் இருக்கையாக வந்து சேர்ந்துவிட்டது. அந்தத் தோலுக்கு இன்னும் பசிக்குமா? ஊட்டத்தை உண்பதற்கு அதில் உயிரணு ஏது?

இதற்கு விடை சொல்ல, இருக்கைக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்டால், அந்தப் புட்டிகளில் எது தேவை, எது வீண்செலவு என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

ஆட்டுக்கால் சூப்பும் பறையும்

ஆட்டுக்கால் சூப்பை இரவில் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு, காலையில் எடுத்துப் பாருங்கள். கட்டிப்பட்டு, பாத்திரத்தை ஆட்டினால் குலுங்கும். அதற்குக் காரணம் ஜெலட்டின். தோல், தசைநார், எலும்பு ஆகியவற்றில் உள்ள கொலாஜன் என்னும் புரதம், நெடுநேரம் கொதிக்கும்போது அவிழ்ந்து ஜெலட்டினாக மாறுகிறது. மாட்டுத்தோலிலும் தண்ணீரை நீக்கிவிட்டால் மிஞ்சுவதில் பெரும்பகுதி இந்தக் கொலாஜன்தான்.

கொலாஜனின் அமைப்பு முப்புரிக் கயிறு போன்றது. மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றுக்கு ஓர் இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலம் வரும். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அது. கயிற்றின் நடுவில் உள்ள நெருக்கமான இடத்தில் அதைத் தவிர வேறெதுவும் பொருந்தாது. இந்த முப்புரி அமைப்பை 1954இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளைப் பற்றி அதற்கு முந்திய ஆண்டில் அதே இதழில் வந்த கட்டுரையை உலகமே அறியும். நம் தோலைத் தாங்கி நிற்கும் முப்புரியைப் பற்றிப் பாடநூல்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை என்பது எனக்கு உள்ளபடியே ஒரு குறைதான்.

அது இருக்கட்டும். பதனிடாத தோல் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பறையில் பார்க்கலாம். பறையில் கட்டியிருக்கும் தோல் காய்ந்து பலகைபோல் விறைப்பாக இருக்கும். மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சித் தொய்ந்துவிடும். அதனால்தான் அடிப்பதற்குமுன் அதை நெருப்பில் காட்டிச் சூடேற்றுகிறார்கள். ஈரம் வெளியேறியதும் தோல் இறுகி, ஓசை கணீரென்று வரும். இசைக்கு இந்தக் குணம் நல்லது. ஆனால் அப்படிப்பட்ட தோலில் இருக்கை செய்தால் என்ன ஆகும்? காய்ந்தால் விறைக்கும், நனைந்தால் தொய்யும், நெடுநாள் ஈரமாகவே இருந்தால் அழுகும்.

இந்த மூன்று சிக்கலையும் தீர்ப்பதுதான் தோல் பதனிடுதல். பெரும்பாலான ஆலைகள் இதற்குக் குரோமிய உப்பைப் பயன்படுத்துகின்றன. குரோமியம் பக்கத்துப் பக்கத்துக் கொலாஜன் இழைகளுக்கு நடுவே பாலம் போட்டதுபோல் பிணைந்துகொள்கிறது. பதனிடாத தோலை ஏறக்குறைய 60 முதல் 65 பாகை செல்சியஸ் வெந்நீரில் போட்டாலே சுருங்கிவிடும். குரோமியம் ஏறிய தோலோ 100 பாகையை ஒட்டிய வெப்பத்தையும் தாக்குப்பிடிக்கும். கிருமிகளின் நொதிகளாலும் அந்தப் பாலங்களைத் தாண்டி இழைகளை எளிதில் சிதைக்க முடியாது. குரோமியம் இல்லாமல் குளூட்டரால்டிஹைடு போன்ற சேர்மங்களால் பதனிட்ட தோலும் இப்போது கார்களில் நிறைய வருகிறது.

பதனிட்ட பிறகுதான் ‘ஊட்டம்’ என்று சொல்லத்தக்க ஒன்று நடக்கிறது. சுழலும் பெரிய மரப்பீப்பாய்களுக்குள் ஈரத்தோலைப் போட்டு, தண்ணீரில் பால்போல் கலந்த எண்ணெய்க் குழம்பை ஊற்றுகிறார்கள். பீப்பாய் சுழலச் சுழல எண்ணெய்த் துளிகள் தோலின் உள்வரை சென்று ஒவ்வோர் இழையையும் போர்த்திக்கொள்கின்றன. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் வழுக்கிச் செல்வதால் தோல் மடங்குகிறது, வளைகிறது, மெத்தென்று இருக்கிறது. மிதிவண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் விடுவதைப் போலத்தான் இதுவும்.

ஆக, தோலுக்கு எண்ணெய் தேவைதான். ஆனால் அதை ஆலையிலேயே கொடுத்துவிட்டார்கள். வீட்டில் நாம் மேலே தடவும் எண்ணெயும் அதே இடத்துக்குப் போய்ச் சேருமா?

நீங்கள் தொடுவது தோலை அன்று

தோல் இருக்கையைத் தடவிப் பார்க்கும்போது நம் விரலில் படுவது பெரும்பாலும் தோலே இல்லை. கார் இருக்கைக்கான தோலில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் மேலே வண்ணப் பூச்சு இருக்கும். அதற்கும் மேலே பாலியூரித்தேன் என்ற தெளிவான காப்புப் படலம் இருக்கும். நீங்கள் பார்க்கும் கறுப்போ பழுப்போ அந்தப் பூச்சின் நிறம். தோலில் தெரியும் புள்ளிபோன்ற வரிகளும் பல சமயம் அச்சு வைத்து அழுத்தியவை. இந்தப் பூச்சு எவ்வளவு தடிப்பாக இருக்கலாம் என்பதற்குக்கூட விதி உண்டு. 0.15 மில்லிமீட்டருக்கு மேல் போனால் அதைத் ‘தோல்’ என்று மட்டும் சொல்லி விற்கக்கூடாது என்கிறது ஐரோப்பியத் தர வரையறை.

சொன்னதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். இருக்கையில் கண்ணுக்குப் படாத ஓர் ஓரத்தில் ஒரே ஒரு துளித் தண்ணீரை வையுங்கள். இரண்டு நிமிடம் கழித்தும் அது முத்துப்போல் உருண்டு நின்றால், அங்கே பூச்சு இருக்கிறது என்று பொருள். துளி உள்ளே இறங்கி அந்த இடம் கறுத்தால் பூச்சு இல்லாத தோல், அல்லது பூச்சு தேய்ந்துபோன தோல். பூச்சில்லாத ‘அனிலின்’ தோல் சில விலையுயர்ந்த கார்களில்தான் வரும். சோதனை முடிந்ததும் துளியை ஒற்றி எடுத்துவிடுங்கள்.

தண்ணீரே இறங்காத இடத்தில் தேங்காய் எண்ணெய் எங்கே இறங்கப் போகிறது? மேலேயே நிற்கும். தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதில் உட்கார்பவரின் வெள்ளைப் பள்ளிச் சீருடையில் ஒட்டும். தையல் ஓட்டை, விரிசல் வழியாகக் கொஞ்சம் உள்ளே போனால் பூஞ்சைக்கு விருந்தாகும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகையில் உறையத் தொடங்கிவிடும். குளிர்சாதனத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போகும் காரில், தையல் ஓரத்தில் தங்கிய எண்ணெய் வெள்ளைத் திட்டாகத் தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

கண்டிஷனர் என்று கடையில் விற்பதும் பூச்சுள்ள தோலுக்குள் பெரிதாகப் போவதில்லை. அதனால் பயனே இல்லையா என்றால், அப்படியும் இல்லை. நல்ல தரமான, தண்ணீர் சார்ந்த கண்டிஷனர் மேலே ஒரு மெல்லிய தற்காலிகப் படலத்தை விட்டுச் செல்லும். உராய்வு குறையும். நீலக் கால்சட்டையின் சாயம் இருக்கையில் ஏறுவது தடைப்படும். தேய்மானம் முதலில் அந்தப் படலத்தைத்தான் தின்னும். ‘ஊட்டம்’ என்ற சொல்தான் பொருந்தவில்லை. ‘மேற்போர்வை’ என்று அச்சிட்டிருந்தால் உண்மையாக இருந்திருக்கும், விற்பனைதான் கொஞ்சம் குறைந்திருக்கும்.

ஓட்டுநரின் வலப்பக்கம்

நம் வீடுகளில் ஓட்டுநர் வலப்பக்கக் கதவு வழியாகத்தான் ஏறி இறங்குகிறார். நான்கைந்து ஆண்டு ஓடிய காரில் அந்த இருக்கையின் வலது விளிம்பைப் பாருங்கள். மேலெழும்பி நிற்கும் அந்தத் திண்டுப் பகுதியில்தான் முதல் சுருக்கம், முதல் விரிசல், முதல் நிறமிழப்பு எல்லாம் தோன்றும். பின்னிருக்கையோ புத்தம் புதிதாக இருக்கும். இரண்டும் ஒரே தோல், ஒரே வெப்பம், ஒரே காற்று. தோல் வறண்டு போவதுதான் காரணம் என்றால் இரண்டும் ஒன்றுபோல் வெடித்திருக்க வேண்டுமே!

காரணம் உராய்வு. ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் உடலின் எடை அந்த விளிம்பில் வழுக்கிச் செல்கிறது. வெறும் துணி மட்டும் உரசினால் பூச்சு நெடுநாள் தாங்கும். அதன்மேல் நுண்ணிய மணலும் தூசியும் படிந்திருந்தால், ஒவ்வொரு முறையும் உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். அதோடு நம் உடலும் தன் பங்கைச் செய்கிறது. வியர்வையில் உப்பு இருக்கிறது. தோலில் சுரக்கும் எண்ணெய்ப்பசையும், தலையில் தடவிய எண்ணெயும், வெயில்காப்புக் களிம்பும் பூச்சுக்குள் மெல்ல ஊறி அதை மிருதுவாக்கிவிடும். மிருதுவான பூச்சு சீக்கிரம் தேயும். தலை சாயும் இடமும் ஸ்டீயரிங் சக்கரமும் முதலில் பளபளத்து, பிறகு பிசுபிசுத்து, கடைசியில் உரிவதற்கு இதுவே காரணம்.

ஆகவே தோல் இருக்கைப் பராமரிப்பில் முக்கால்வாசி, அழுக்கை எடுப்பதுதான். முதலில் தூசி உறிஞ்சும் கருவியில் மென்மையான தூரிகை முனையை மாட்டி மணலை அகற்றுங்கள். மணல் இருக்கும்போதே ஈரத்துணியால் தேய்த்தால் அதுவே உப்புத்தாள் வேலையைச் செய்துவிடும். பிறகு மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடையுங்கள். பிசுக்கு போகவில்லையென்றால் தோலுக்கென்று விற்கும் மென்மையான துப்புரவுத் திரவத்தின் நுரையை மட்டும் மெல்லிய தூரிகையால் தேயுங்கள். இன்னொரு ஈரத்துணியால் நுரையைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றிவிட்டால் வேலை முடிந்தது. தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். காற்றோட்டத்துக்காகச் சிறு துளைகள் போட்ட இருக்கையாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். உள்ளே போன ஈரம் நுரைப்பஞ்சில் தங்கிவிடும்.

சாதாரணச் சவர்க்காரக் கட்டி ஏன் கூடாது? அதன் பிஎச் மதிப்பு 9 அல்லது 10 வரை போகும், அதாவது காரத்தன்மை கொண்டது. பதனிட்ட தோலோ இலேசான அமிலத்தன்மை கொண்டது. விரிசல் வழியாகக் காரம் உள்ளே போய்க்கொண்டே இருந்தால், பதனிடும்போது போட்ட பிணைப்புகள் தளர வாய்ப்புண்டு. கைத்தூய்மித் திரவமும் ஆகாது. அதில் உள்ள 60 முதல் 80 விழுக்காட்டு ஆல்கஹால் பூச்சை இளக்கும். கையில் தடவியதும் ஸ்டீயரிங்கைப் பிடிக்காமல், உலரும்வரை பொறுங்கள். கறையை மாயமாக நீக்கும் வெள்ளைப் பஞ்சு ஒன்று கடைகளில் கிடைக்கிறதே, அது மெலமைன் நுரை. கறையைக் கரைப்பதில்லை, சுரண்டுகிறது. சுவருக்குச் சரி, இருக்கைக்கு வேண்டாம்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்தில் கோடை வெயிலில் நிறுத்திய கார்களை ஆராய்ந்து 2018இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரு மணி நேரத்தில் இருக்கையின் சராசரி வெப்பம் ஏறக்குறைய 51 பாகை செல்சியஸ், முன்பலகையின் வெப்பம் 69 பாகை. நிழலில் நிறுத்திய கார்களில் இருக்கை ஏறக்குறைய 41 பாகையோடு நின்றது. பாலைவன வெயில் நம்முடையதைவிடக் கடுமைதான். ஆனாலும் நிழலால் மட்டுமே பத்துப் பாகை குறைகிறது என்பதைக் கவனியுங்கள். சூடு ஏற ஏறத் தோலில் உள்ள ஈரம் வெளியேறும், எண்ணெயும் மிக மெதுவாக ஆவியாகும். பழைய கார்களின் முன்கண்ணாடியில் உட்பக்கமாகப் படியும் மெல்லிய மங்கலில் பிளாஸ்டிக்கிலிருந்து வந்தவற்றோடு தோலின் எண்ணெயும் கொஞ்சம் இருக்கலாம். புற ஊதாக் கதிரிலும் ஒரு வேறுபாடு உண்டு. முன்கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்துச் செய்தது. அது பெரும்பகுதிக் கதிரைத் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடிகள் பல கார்களில் ஒற்றைத் தகடுதான். அவற்றின் வழியே யு.வி.ஏ. கதிர் கணிசமாக நுழைந்து நிறத்தை வெளுக்கச் செய்யும்.

பூட்டியே கிடந்த கார்

வறண்ட நாடுகளில் தோல் இருக்கைக்கு எதிரி வறட்சி. நமக்கோ அதற்கு நேர்மாறு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஒப்பு ஈரப்பதத்தின் சராசரி 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. ஏறக்குறைய 70 விழுக்காட்டைத் தாண்டினாலே பல வகைப் பூஞ்சைகள் தோலில் வளர முடியும். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது வாரக்கணக்கில் அசையாமல் நின்ற கார்களைத் திறந்து பார்த்த பலர், ஸ்டீயரிங்கிலும் இருக்கையிலும் சாம்பல் தூவியதுபோல் பூஞ்சை படர்ந்திருந்ததைக் கண்டார்கள். பூஞ்சை பூச்சைத் தின்பதில்லை. பூச்சின்மேல் நாம் விட்டுச்சென்ற வியர்வை, எண்ணெய்ப்பசை, சிந்திய மைலோ இவற்றைத்தான் தின்கிறது. துடைத்து வைத்த இருக்கையில் அதற்கு உணவு குறைவு.

பூஞ்சை வந்துவிட்டால் காய்ந்த துணியால் தட்டாதீர்கள். வித்துகள் காருக்குள் பறந்து குளிர்சாதனக் குழாய்வரை போய்விடும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். மற்றவர்கள் முகக்கவசம் அணிந்து, கதவுகள் நான்கையும் திறந்துவிட்டு, ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியை வீசிவிட வேண்டும். பிறகு இருக்கையை மேலே சொன்னதுபோல் சுத்தம் செய்து, காரை வெயிலில் சற்று நேரம் திறந்து வையுங்கள். நிழலில் நிறுத்தச் சொல்லிவிட்டு இப்போது வெயிலா என்று கேட்பீர்கள். தினமும் எட்டு மணி நேர வெயில் வேறு, உலர்த்துவதற்கான ஒரு மணி நேரம் வேறு. நனைந்த குடையையும் மழையில் ஊறிய கால்விரிப்பையும் காருக்குள் விட்டுவிட்டால் இவ்வளவு பாடும் வீண். குளிர்சாதனம் காற்றிலிருந்து ஈரத்தைப் பிரித்தெடுப்பதால், நிற்கும் காரை வாரத்துக்கு ஒருமுறையாவது கொஞ்ச தூரம் ஓட்டுவது நல்லது.

எந்தப் புட்டியாலும் முடியாதது

இத்தனையும் செய்தும் சில இருக்கைகள் செதில் செதிலாக உரியும். வீட்டு சோபாவிலும் பழைய கைப்பையிலும் பார்த்திருப்பீர்கள். கறுப்புத் துகள்கள் உடையெல்லாம் ஒட்டும், கீழே துணி தெரியும். துணி தெரிந்தாலே அது தோல் அன்று, துணிமேல் பூசிய பாலியூரித்தேன். ‘பி.யூ. தோல்’ என்று விற்பது இதைத்தான்.

படிவம் 5 வேதியியலில் எஸ்டர் படிக்கிறீர்கள் அல்லவா? அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து எஸ்டரும் தண்ணீரும் உண்டாகின்றன. அந்த வினை பின்னோக்கியும் நடக்கும். மலிவான பி.யூ. தோலின் நீண்ட சங்கிலிகளில் எஸ்டர் பிணைப்புகள் நிறைய. காற்றில் உள்ள ஈரம் அவற்றை ஒவ்வொன்றாக வெட்டுகிறது. வெட்டிய ஒவ்வோர் இடத்திலும் ஓர் அமில முனை பிறக்கிறது. அந்த அமிலம் அடுத்த வெட்டை இன்னும் வேகமாக்குகிறது. அதனால்தான் மூன்று ஆண்டு நன்றாக இருந்த பொருள், நான்காம் ஆண்டில் திடீரென்று ஒரே மாதத்தில் உதிர்ந்துவிட்டதுபோல் தோன்றுகிறது. வெம்மையும் ஈரமும் சேர்ந்த நம் ஊர் இந்த வினைக்கு மிகவும் தோதான இடம். கண்டிஷனர் தடவி இதை நிறுத்த முடியாது, அறுந்த பிணைப்பை அது ஒட்ட வைக்காது. உண்மைத் தோலின் மேற்பூச்சும் பாலியூரித்தேன்தானே என்று கேட்கலாம். பாலியூரித்தேனில் பல வகை உண்டு. ஈதர் வகையும் கார்பனேட் வகையும் தண்ணீரை நன்றாகத் தாக்குப்பிடிக்கும். காருக்கான தரமான தோலுக்கு அத்தகையவற்றையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

‘தோல் இருக்கை’ என்று விற்கும் பல கார்களில் உடல் படும் பகுதி மட்டுமே தோல். இருக்கையின் முதுகும் பக்கங்களும் பெரும்பாலும் பி.வி.சி. பிளாஸ்டிக். எது எங்கே என்று கார்க் கையேட்டில் எழுதியிருப்பார்கள். பி.வி.சி.க்கும் பி.யூ.வுக்கும் ஈரத்துணி போதும்.

கண்டிஷனர் வாங்கித்தான் ஆகவேண்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டால், சுத்தம் செய்து முழுவதும் உலர்ந்த இருக்கையில், அதுவும் ஏற்கெனவே சோதித்துப் பார்த்த மறைவான ஓரத்தில் தொடங்கச் சொல்லுங்கள். துணியில் கொஞ்சமாக எடுத்துத் தடவி, பத்து நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை போதும். ஓட்டுநரின் வலப்பக்க விளிம்புக்கு இன்னும் ஒருமுறை கூடுதலாகக் கொடுக்கலாம். பளபளப்பு ஏற்றும் சிலிகோன் தெளிப்பானை ஸ்டீயரிங் பக்கமே கொண்டுபோகாதீர்கள். வளைவில் திருப்பும்போது கை வழுக்கினால், இருக்கையின் பளபளப்பைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் நேரம் இருக்காது.